தலைக்கு ஒரு டியூப்

வியாழக்கிழமை, மதிய இடைவேளை

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. உன் இடுப்பெலும்பு ஒழுங்காகக் கூடி வருகிறது என்று அக்கா சொன்னாள். கேட்டு மனம் நிறைந்தது. முப்பது வருடமாகக் குதிரை மேலிருந்து ஒருமுறைகூட விழாத நீ, பல்பு மாற்ற ஏறிய பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து விழுந்ததை நான் யாரிடமும் சிரித்துச் சொல்லவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். இங்கே நானும் இவரும் நலம். உன் சவாரிப் பள்ளியின் வேலி நலம், கூரை நலம், லாயத்துக்காரர் நலம், நாய் நலம். பாதி ஊர்ப் பிள்ளைகளை முதுகில் சுமந்து சவாரி பழக்கியதால் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடும் உன் பெண்குதிரையும் நலம். அவளுடைய ஏழு மாதக் குட்டி கடுகை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பதினெட்டு வருடமாகக் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைப் படித்துப் படித்து, உறுதியாகத் தெரியாத ஒன்றை எழுதிக் கீழே கையெழுத்துப் போடும் தைரியம் எனக்குப் போய்விட்டது. அவன் நலமா இல்லையா என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னேன், மூன்று முறை. அக்கா வீட்டுக் கட்டிலில் நீ படுத்தபடி போனை ஸ்பீக்கரில் போட்டு வயிற்றின் மேல் வைத்துக்கொள்கிறாய். நான் “அண்ணா, அந்த மருந்துல ஒரு சின்ன விஷயம்” என்று ஆரம்பிப்பதற்குள் அறையின் மறுகோடியிலிருந்து அத்தானின் குரல் வந்துவிடுகிறது. “இன்னுமா கொடுக்கல? ஒரு டியூபை வாயில வச்சுப் பிதுக்க மூணு வாரமா? நான் அதுக்குள்ள பத்துக் குதிரைக்குப் பல்லே விளக்கி விட்டிருப்பேன்!” நீ சிரிக்கிறாய். நீ சிரித்தால் போன் வயிற்றோடு சேர்ந்து குலுங்கி இணைப்பு அறுந்துபோகிறது. நேற்று மூன்றாம் முறையாக அப்படி அறுவதற்கு முன்னால் எனக்குக் கேட்டது, சனிக்கிழமை காலை வண்டிக்கு அவர் டிக்கெட் எடுத்துவிட்டார் என்பது. “நான் போறேன், அஞ்சு நிமிஷத்துல முடிக்கிறேன், அடுத்த வண்டியில திரும்புறேன்.” ஆகவே எழுதுகிறேன். கடிதத்தில்தான் நான் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை கொண்டுபோக முடிகிறது. இதைத் தனியாக இருக்கும்போது படி.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீ கொடுத்த உத்தரவு எனக்கு மனப்பாடம். “ஒண்ணாந்தேதி ரெண்டு பேருக்கும் புழு மருந்து. அலமாரியில மேல்தட்டு. தலைக்கு ஒரு டியூப். யோசிக்காத.” அந்தக் கடைசிச் சொல்லைத் தவிர மற்றதையெல்லாம் செய்யத்தான் ஒன்றாம் தேதி காலை லாயத்துக்குப் போனேன். பெட்டியைத் திறந்தேன், டியூபை எடுத்தேன், அதோடு பதினாறாக மடித்த ஒரு காகிதமும் வந்தது. அதை விரிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பொடி எழுத்தைப் பார்த்தால் விரிப்பது என் தொழில். உனக்குக் குதிரையைப் பார்த்தால் கழுத்தைத் தட்டத் தோன்றுவதுபோல. விரித்துப் படித்தேன். ஒரு முழு டியூப் எழுநூறு கிலோ குதிரைக்கானதாம். பிதுக்கும் தண்டில் ஒரு வளையம் இருக்கிறது, குதிரையின் எடைக்கு நேராக அதைத் திருகி நிறுத்தினால் அந்த அளவு மட்டும்தான் வெளியே வருமாம். நீ எறியாமல் சேர்த்து வைத்திருக்கும் பழைய டியூபுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட வளையம் இடத்தை விட்டு அசைந்த அடையாளம் இல்லை. குட்டிகளுக்கும் மெலிந்த குதிரைகளுக்கும் எடை பார்க்காமல் கொடுக்கக் கூடாது, அளவு மிஞ்சினால் தள்ளாடும், உதடு தொங்கும், எழுந்திருக்காமல் போகலாம் என்றும் போட்டிருந்தது. குதிரை துப்பியதை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ளவும் என்ற வரியைப் படித்தபோது உன் நாய் என் காலடியில் உட்கார்ந்து டியூபையே பார்த்துக்கொண்டிருந்தது.

லாயத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஐயா இதை எப்படிக் கொடுப்பார்?”

“பிதுக்கிக் கொடுப்பாருங்க.”

“எவ்வளவு?”

“தீர்ற வரைக்கும்.”

“குட்டிக்கும் அதே அளவா?”

“ஐயாவுக்குப் பாரபட்சம் பிடிக்காதும்மா. டீச்சருக்கு ஒண்ணுன்னா கடுகுக்கும் ஒண்ணுதான்னு சொல்லியிருக்காரு.”

“இதுக்கு முன்னாடி இருந்த குட்டிகளுக்கும் அப்படித்தானா?”

“முன்னாடி குட்டி ஏதும்மா? இவன்தானே இந்த லாயத்துல பொறந்த முதல் குட்டி.”

அண்ணா, உன் சமத்துவ உணர்ச்சியை நான் எப்போதும் மதித்தே வந்திருக்கிறேன். பணக்காரப் பிள்ளைக்கும் காவலாளியின் பிள்ளைக்கும் ஒரே சேணம், ஒரே வசவு என்று நடத்துகிறவன் நீ. ஆனால் அம்மாவுக்கும் ஏழு மாதப் பிள்ளைக்கும் ஒரே அளவு மருந்து என்பது சமத்துவமா என்று யோசித்தேன். நீ யோசிக்காதே என்று சொன்ன பிறகு நான் செய்த முதல் யோசனை அது. அத்தோடு நின்றிருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் அலமாரியிலிருந்து ஏழு விதமான டியூபுகளை எடுத்துக் கண்ணாடி மேல் வரிசையாகப் பரப்பினார், நகைக்கடையில் பரப்புவதுபோல. ஒன்று ஆப்பிள் வாசனை, ஒன்று புதினா. “இதுல எது பாதுகாப்பானது?” என்று கேட்டேன். “எல்லாரும் இதைத்தான் மேடம் வாங்குறாங்க.” “எல்லாரும்னா யாரு?” “எல்லாரும்னா எல்லாரும்தான்.” “குட்டி இருக்கிறவங்களுமா?” “உங்க அண்ணனே இதைத்தான் வாங்குவாரு மேடம். அவரு வந்தாருன்னா பேசவே மாட்டாரு. பச்சைப் பெட்டி இருக்கான்னு கேப்பாரு, இருந்தா எடுப்பாரு, இல்லன்னா நீலப் பெட்டி எடுப்பாரு.” நீ மருந்தைப் பெட்டியின் நிறம் பார்த்து வாங்குகிறாய் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உன்னைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் புடவையை அப்படித்தான் வாங்குகிறேன். ஆனால் புடவை எடைக்குத் தகுந்தபடி கொல்வதில்லை.

பிறகு கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். போனில் அந்தப் பெண்ணின் குரலுக்குப் பின்னால் ஒரு மாடு கத்திக்கொண்டே இருந்தது.

“குட்டி எடை?”

“தெரியாது டாக்டர்.”

“வயிறு?”

“பானை மாதிரி. நல்லா சாப்பிடுறான்னு அண்ணன் சந்தோஷப்படுவார்.”

“முடி?”

“மங்கலா இருக்கு. இருமவும் செய்யுறான்.”

“இதுவரைக்கும் புழு மருந்து?”

“ஒரு தடவைகூட இல்ல.”

மாடு மட்டும் பேசியது. பிறகு, “கையில என்ன மருந்து வச்சிருக்கீங்க? பெட்டியில இருக்கிறதைப் படிங்க” என்றாள். படித்தேன். “அதை அலமாரியில வச்சுப் பூட்டுங்க. சாவியை நீங்களே வச்சுக்கோங்க. நான் நாளைக்கு வர்றேன்.”

வந்தாள். வயது முப்பது இருக்கும். முழங்கை வரை ஏதோ ஒன்று எப்போதும் ஒட்டியிருக்கும் தோற்றம். கடுகின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள், ஈறைப் பார்த்தாள், பிறகு தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள். குட்டிகளுக்கு வரும் உருண்டைப் புழு பென்சில் பருமனுக்கு, ஒரு சாண் நீளத்துக்கு வளருமாம். இவன் வயிற்றில் அது நிறைய இருக்கும் என்று சந்தேகமாம். “வலுவான மருந்தை மொத்தமா கொடுத்தா அத்தனையும் ஒரே நேரத்துல செயலிழந்துடும். அப்புறம் அது எங்க போகும்?” “வெளிய” என்றேன். “கதவு ஒண்ணுதானே இருக்கு” என்றாள். குளியலறைக் குழாயில் முடி அடைத்துக்கொள்வதுபோலக் குடல் அடைத்துக்கொள்ளும். அறுவை செய்து எடுக்கும் வசதி இந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. “போன மாசம் வேற ஒரு இடத்துல ஒரு குட்டி. அவங்க கெட்ட மருந்து ஒண்ணும் கொடுக்கல. நல்ல மருந்துதான். அந்தக் குட்டிக்கு ஏத்தது இல்ல, அவ்வளவுதான். சாயங்காலம் படுத்துச்சு, எழுந்திருக்கல.” கடுகு அவள் பையிலிருந்த வெப்பமானியைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சருக்காவது வழக்கம்போல ஒரு டியூப் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். எத்தனை நாளைக்கு ஒருமுறை கொடுப்பார் என்று கேட்டாள். தேவையோ இல்லையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பத்து வருடமாக என்றேன். “அப்படியே கொடுத்துட்டு இருந்தா மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் தங்கிப் பெருகும். உங்க அண்ணன் மருந்து கொடுக்கல, புழுவுக்குப் பயிற்சி கொடுத்திருக்கார்” என்றாள். பயிற்சிப் பள்ளி நடத்துகிறவனைப் பற்றி இதைச் சொல்லலாமா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆக முடிவு என்னவென்றால், முதலில் இரண்டு குதிரைகளின் லத்தியையும் சோதித்துப் புழு முட்டைகளை எண்ண வேண்டும். தேவைப்பட்டவருக்கு மட்டும், எடை பார்த்து, சாதுவான மருந்தாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ண வேண்டும்.

எடை பார்ப்பது எளிது என்றாள் டாக்டர். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவு, தோளிலிருந்து பின்புறம் வரை நீளம், இரண்டையும் வைத்து ஒரு கணக்கு. குட்டிக்கு வகுக்கும் எண் மட்டும் வேறு. நம் வீட்டு நாடா டீச்சரைச் சுற்றி வரவில்லை. அடுத்த தெருத் தையல்காரரிடம் நீள நாடா இரவல் கேட்டேன். அவர் நாடாவைத் தனியாகக் கொடுப்பதில்லையாம், கூடவே வந்தார். டீச்சரின் நெஞ்சைச் சுற்றி நாடாவைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், “கொஞ்சம் லூஸா விடட்டுங்களா?” என்று கேட்டார். அவர் அளவைச் சொல்ல, இவர் ஒரு பழைய உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். உன் மைத்துனர் பள்ளியில் கணக்கில் முதல் மாணவர் என்பது உனக்குத் தெரியும், வாரம் ஒருமுறை அவரே சொல்வார். மூன்று முறை சரிபார்த்துவிட்டு, டீச்சரின் எடை இருபத்தைந்து கிலோ என்று அறிவித்தார். பாதி சிமெண்ட் மூட்டை. எங்கள் எதிரில் டீச்சர் வாலை வீசிக்கொண்டு மலை மாதிரி நின்றாள். லாயத்துக்காரர் மட்டும் கலங்கிப்போய், “இளைச்சுட்டாங்கன்னு நான் அப்பவே சொன்னேனே” என்றார். தையல்காரர் சொன்னது அங்குலம், டாக்டர் சொன்ன கணக்கு சென்டிமீட்டர் என்பது பிடிபட ஒரு மணி நேரமும் மூன்று காப்பியும் ஆயிற்று. இப்போது உறுதியாகச் சொல்கிறேன்: டீச்சர் நானூற்று ஏழு கிலோ. கடுகு நூற்று எழுபத்திரண்டு. நீ சொன்னபடி அவனுக்கு ஒரு முழு டியூப் கொடுத்திருந்தால் நான்கு மடங்கு.

அடுத்தது லத்தி. அது புதிதாக இருக்க வேண்டும், யாருடையது என்று சந்தேகம் இருக்கக் கூடாது. உன் லாயத்துக்காரரின் சுத்தத்தைப் பற்றி நான் பெருமைப்பட்டதுண்டு, அன்று நொந்துபோனேன். தரையில் விழுவதற்கும் அவர் அள்ளுவதற்கும் இடையில் இமைக்கக்கூட நேரமில்லை, அள்ளியது எல்லாம் ஒரே தள்ளுவண்டியில். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கையுறை மாட்டி, ஆளுக்கொன்றாக இரண்டு டிபன் பாக்ஸ்களுடன் டீச்சருக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் முடியாது என்பதுபோல ஒன்றரை மணி நேரம் சும்மா இருந்தாள். வேலிக்கு வெளியே, சவாரி முடித்துப் போன ஒரு குழந்தை கேட்டது: “அம்மா, அந்த ஆன்ட்டி எதுக்கு டீச்சரைப் பின்னாலயே பார்த்துட்டு நிக்கிறாங்க?” அந்த அம்மா தாழ்ந்த குரலில், “பேசாம வா. வீட்ல ஏதாவது பிரச்சினையா இருக்கும்” என்றாள்.

சோதனைக்கூடம் மறுநாள்தான் திறக்கும். அதுவரை குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்பதால் இரண்டு பாக்ஸையும் எங்கள் ஃபிரிட்ஜில் வைத்தேன். இந்த இடத்தில் நீ ஒன்றை எதிர்பார்ப்பாய். அது நடக்கவில்லை. நான்கு பக்கமும் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தேன். அதன் பலனாக இவர் அன்றிலிருந்து ஃபிரிட்ஜைத் திறப்பதேயில்லை. பாக்ஸ்கள் போய்ப் பத்து நாளாகியும் தண்ணீரைக்கூடக் குழாயிலிருந்து பிடித்துக் குடிக்கிறார்.

முடிவு நேற்று வந்தது. டீச்சருக்கு முட்டை மிகவும் சொற்பம், இப்போதைக்கு மருந்தே வேண்டாம். கடுகுக்குக் கிராமுக்கு ஆயிரத்து நூறு. “அம்மா பேரைக் கெடுத்துட்டானே” என்றார் லாயத்துக்காரர். டாக்டர் சொன்ன சாதுவான மருந்து நம் கடையில் இல்லை. சொல்லி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை வரும். செவ்வாய்க்கிழமை காலை நானே என் கையால் கொடுப்பதாக முடிவெடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நானாக எடுக்கும் முதல் முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கல்லூரியில் நான் என்ன படிப்பது என்பதை அத்தான்தான் விண்ணப்பத்தில் நிரப்பினார், பேனா மூடியைக்கூட முழுதாகத் திறக்காமல். இவரை எனக்குப் பார்த்தபோதும், “பையன் செருப்பை ஜோடியா கழட்டி வச்சான், போதும், முடிச்சிடுங்க” என்று எழுந்துவிட்டார். குறை சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாக வாசலில் செருப்பு ஜோடியாகத்தான் இருக்கிறது. யோசிப்பது எனக்கு ஒரு வியாதி என்று நம் வீட்டில் முடிவு கட்டியதும் அவர்தான், அதற்கும் அவர் அதிகம் யோசிக்கவில்லை. நான் யோசிப்பது முடிவெடுக்கப் பயந்து அல்ல, அண்ணா. முடிவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று விளக்கி எழுதும் மனுக்கள் தினமும் என் மேசைக்கு வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரு வரி இருக்கும்: “அப்போது எங்களுக்குத் தெரியாது.” எனக்கு இப்போது தெரியும். தெரிந்த பிறகு அந்த வரியை நான் எழுத முடியாது.

ஆகவே உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அத்தானை அனுப்பாதே. அவர் சனிக்கிழமை வருவார், என்னிடம் சாவியை வாங்குவார், பச்சைப் பெட்டியைத் திறப்பார், முழு டியூபையும் குட்டியின் வாயில் பிதுக்கிவிட்டு, கை கழுவிக்கொண்டே “இவ்வளவுதான் விஷயம்” என்பார். எதிரே நின்று என்னால் அவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நாற்பத்தாறு வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் முடியாது. நீ தடுக்காவிட்டால் கடுகு போய்விடுவான். காலில் விழுந்தாவது தடுத்துவிடு. இடுப்பு இருக்கும் நிலையில் விழ வேண்டாம், படுத்தபடியே சொல்.

அக்காவுக்கு என் அன்பு. அத்தானுக்கு என் பணிவான வணக்கம். அது எப்போதும் உண்டு. பிள்ளைகளை நான் கேட்டதாகச் சொல். உன் எலும்புகள் ஒன்றோடொன்று ஒற்றுமையாக இருந்து உன்னைச் சீக்கிரம் நடக்க வைக்கட்டும். கூரியரில் நாளைக் காலை இது உன் கைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: அடுத்த வியாழக்கிழமை. அத்தானைப் பற்றி மேலே எழுதியிருப்பது சற்றுக் கடுமையாக இருக்கிறதோ, “கை கழுவிக்கொண்டே” என்பதை எடுத்துவிடலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்ததில் கூரியர்க்காரர் போய்விட்டார். ஆகவே நீ யாரையும் தடுக்கவில்லை. சனிக்கிழமை பத்தரை மணிக்கு அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே ஆட்டோவிலிருந்து இறங்கினார். “எங்க அந்தக் கழுதை?” என்றார். குதிரை என்று திருத்தினேன். சாவியைக் கேட்டார். நான் சொன்னது போலவே, என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கொடுத்துவிட்டேன். அலுவலகப் பழக்கத்தில் ஒரு படிவம் தட்டச்சு செய்து வைத்திருந்தேன்: குட்டியின் வயது, எடை, மருந்தின் பெயர், கொடுக்கும் அளவு, பொறுப்பேற்பவர் கையெழுத்து. அதை அவர் முன்னால் வைத்து, “கொடுங்க அத்தான். இங்க மட்டும் ஒரு கையெழுத்து” என்றேன்.

“இது எதுக்கு?”

“ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொல்றதுக்குத்தான்.”

“ஒண்ணும் ஆகாது!”

“அதைத்தான் அத்தான் எழுதியிருக்கு.”

பேனாவை எடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். அவர் கண்ணாடி போட்டு எதையும் படித்து நான் பார்த்ததேயில்லை. படிவத்தைப் படித்தார், பிறகு அந்தப் பதினாறு மடிப்புக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து வரவில்லை. மாலையில் டாக்டருக்குப் போன் செய்தார். ஞாயிறன்று தையல்காரரை வரவழைத்து, கடுகைத் தன் கையால் ஐந்து முறை அளந்து சராசரி எடுத்தார். அவர் ஒரு வண்டியைத் தவறவிடுவது இதுதான் முதல் முறை என்று அக்கா போனில் அழுதாளாமே. திங்களன்று சாதுவான மருந்து வந்தது. அதன் காகிதத்தையும் விரித்தார். “இதுலயும் ‘மிக அரிதாக’ன்னு ஒண்ணு போட்டிருக்கே. அரிதான்னா எவ்வளவு? ஏன் எண்ணிக்கை போடல? எதையோ மறைக்கிறான்” என்றார். செவ்வாய் காலை லாயத்துக் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்காமல் யாரும் குட்டிக்கிட்ட போகக் கூடாது என்றார். நம் டாக்டர் போனில் அவரிடம் பேசிப் பேசிக் களைத்து, “சார், நீங்க குதிரைக்காரரா வக்கீலா?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல எழுந்து நடந்தார். அவருக்குப் போன் பேசினால் நடக்க வேண்டும், உனக்குத் தெரியுமே.

நாற்காலி காலியாக இருந்தது. நாயைக் கட்டச் சொன்னேன். வளையத்தை நூற்று எழுபத்திரண்டுக்கு அடுத்த கோடான நூற்று எழுபத்தைந்துக்குத் திருகி நிறுத்தினேன். லாயத்துக்காரர் கடுகின் கழுத்தை அணைத்துப் பிடித்தார். வாயில் புல் ஏதும் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தேன், கடித்தான். உதட்டோரம் வழியாக நாக்கின் பின்புறம் வரை கொண்டுபோய் அழுத்தினேன், முகத்தைச் சற்று நேரம் தூக்கிப் பிடித்தேன், விழுங்கினான். அவ்வளவுதான், அண்ணா. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதினால் அத்தானுக்கு வெற்றியாகிவிடும். அந்தப் படிவத்தில் கடைசிவரை யாரும் கையெழுத்துப் போடவில்லை. நானும்தான்.

அன்று பகல் முழுக்க அவன் வயிற்றில் காதை வைத்துக்கொண்டே இருந்தேன். அத்தான் விஷயம் தெரிந்து முதலில் கத்தினார், பிறகு எனக்கு எதிர்ப்பக்கத்தில் மண்டியிட்டு அவரும் காதை வைத்தார். “இந்தப் பக்கம் கடகடன்னு கேக்குது, நல்லதா கெட்டதா?” “நல்லது.” “இங்க ஒண்ணும் கேக்கலையே!” “அது விலா எலும்பு அத்தான்.” மாலையில் கடுகு படுத்தான். நான் டாக்டரின் எண்ணை எடுப்பதற்குள் முதுகைத் தரையில் தேய்த்துவிட்டு எழுந்து, அத்தானின் சட்டைக் காலரைத் தின்ன ஆரம்பித்தான். நேற்றுக் காலை லத்தியில் டாக்டர் சொன்ன பென்சில்கள் வந்துவிட்டன; எத்தனை என்று எழுதினால் நீ சாப்பிட மாட்டாய். இன்று இருமல் குறைந்திருக்கிறது. இரண்டு வாரத்தில் மறுபடி எண்ண வேண்டும், டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருக்கிறேன். கடுகு நலம்.

அத்தான் இன்று மாலை வண்டிக்குக் கிளம்புகிறார். பெட்டியைக் கட்டிவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்க அக்காகிட்டயும் அண்ணன்கிட்டயும் மருந்து கொடுத்தது நான்தான்னு சொல்லிடலாமா? வந்த அன்னைக்கே கொடுத்தாச்சு, சும்மா நாலு நாள் பார்த்துட்டு வந்தேன்னு... உனக்கு என்னம்மா ஆகப் போகுது?” என்றார். அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு, பதிலுக்காக நின்றது என் நினைவில் இதுதான் முதல் முறை.

“யோசிச்சுச் சொல்றேன் அத்தான்” என்றேன்.

“எப்ப சொல்லுவ? வண்டி ஆறு மணிக்கு.”

யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூரியர்க்காரர் நான்கு மணிக்கு வருவார். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருந்தால், நான் என்ன முடிவெடுத்தேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.